போயம் சிகிச்சைக்குப் பிறகு நெஞ்செரிச்சல்: மாத்திரை ஆயுள் முழுக்கவா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்ததன் சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு வயது 52. நான்கு வருடங்களாகச் சோறு நெஞ்சில் நின்றுவிடும். சொம்புத் தண்ணீரைக் குடித்துத்தான் இறக்க வேண்டும். உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காமல் போகும் அகலேசியா என்ற நோய் என்று கண்டறிந்து, எட்டு மாதங்களுக்கு முன் வாய் வழியாக எண்டோஸ்கோப்பியிலேயே செய்யும் போயம் சிகிச்சையைச் செய்தார்கள். இப்போது சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது, எடையும் 7 கிலோ கூடியிருக்கிறது. ஆனால் இரண்டு மாதங்களாக இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது, நெஞ்சு கரிக்கிறது. மறுபடி எண்டோஸ்கோப்பி செய்ததில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் 'கிரேடு பி' புண் என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்கிறார் மருத்துவர். சிகிச்சையே கெட்டுப்போய்விட்டது என்கிறார் உறவினர் ஒருவர். கேட்டவர் எழுதிய கேள்வி, மாத்திரை ஆயுள் முழுக்கவா என்பது. அதற்கு அடியில் இருப்பது இன்னொரு கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு நோயைக் கொடுத்து இன்னொரு நோயை வாங்கிக்கொண்டோமா?

தஞ்சாவூர் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரைப்பை, குடல் நோய்களைப் பார்த்துவருகிறேன். போயம் நான் செய்வதில்லை. செய்யும் இடங்களுக்கு அனுப்பிவைக்கிறேன், திரும்பி வந்தவர்களை வருடக்கணக்கில் பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் படங்களையோ அறிக்கைகளையோ நான் பார்க்கவில்லை என்பதால், கீழே எழுதுவதை அவருடைய மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். அவருடைய மருந்துச் சீட்டை இதைக் கொண்டு மாற்றாதீர்கள்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. எப்போதும் மூடியே இருக்கும் அது, நாம் விழுங்கும்போது மட்டும் சில விநாடிகள் தளர்ந்து வழிவிடும். தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துபோவதுதான் அகலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. உடலின் எதிர்ப்பாற்றலே அந்த நரம்பணுக்களைத் தாக்குகிறது என்ற சந்தேகம் வலுவாக இருந்தாலும், காரணம் முழுவதுமாக நிறுவப்படவில்லை. கேட்டவருக்கு முக்கியமானது இந்த நோயின் இன்னொரு பாதி: வாசல் திறக்காமல் போவதோடு, உணவை அலையலையாகக் கீழே தள்ளும் குழாயின் அசைவும் நின்றுவிடுகிறது. எந்தச் சிகிச்சையும் அந்த அசைவை முழுமையாக மீட்டுத் தருவதில்லை. 1674இல் தாமஸ் வில்லிஸ் திமிங்கல எலும்பின் நுனியில் கடற்பஞ்சு கட்டி நோயாளியின் உணவை இரைப்பைக்குள் தள்ளவைத்ததும், 1913இல் எர்னஸ்ட் ஹெல்லர் தசையைக் கத்தியால் வெட்டிவிட்டதும், பலூனை வைத்து விரிப்பதும், 2008இல் யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோவே முதன்முதலாக மனிதரிடம் செய்த போயமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கதவைத் திறந்துவிடுகின்றன. அதற்குமேல் இறங்குவது பெரும்பாலும் புவியீர்ப்பால்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் கடைமடையைச் சொல்வேன். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் ஆறுகள் கடலைச் சேருவதற்கு முன் இயக்கு அணைகள் இருக்கின்றன. மழைவெள்ளம் வடிய ஷட்டரைத் தூக்குவார்கள், கடல் ஏறும்போது உப்புநீர் வயலுக்கு வராமல் இறக்குவார்கள். அந்த ஷட்டர் துருப்பிடித்து மூடியபடியே நின்றுவிட்டால் மேலே ஊரெல்லாம் வெள்ளம். வேறு வழியில்லாமல் அறுத்து எடுத்தால் வெள்ளம் வடிந்துவிடும், ஆனால் அடுத்த அமாவாசைக்கு உப்புநீர் மேலேறும். அறுத்தவர் வேலையைக் கெடுத்துவிட்டார் என்று அப்போது சொல்ல மாட்டோம். உங்கள் அம்மாவுக்கு அமிலம் மேலேறுகிறது என்பது, தசை சரியாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு ஓரளவு சாட்சியும்கூட.

ஆனால் மற்ற முறைகளைவிடப் போயத்தில் இது அதிகம் என்பதை மறைக்கக் கூடாது. வயிற்றில் துளையிட்டுச் செய்யும் ஹெல்லர் அறுவையில், தசையை வெட்டிய பிறகு இரைப்பையின் மேல்மடிப்பை எடுத்து அந்த இடத்தின்மேல் பாதி போர்த்தித் தைத்துவிடுவார்கள். அது ஒரு மாற்றுத் தடுப்பைப் போல வேலை செய்யும். போயத்தில் உணவுக்குழாயின் உட்சவ்வுக்கு அடியில் சுரங்கம் போல வழிசெய்து, உள்ளிருந்தே தசையை வெட்டி, இரைப்பைக்குள்ளும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டை நீட்டுவார்கள். போர்த்தித் தைக்கும் வேலை அதில் இல்லை. 2019இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் 221 பேரைச் சீட்டுப் போட்டதுபோல இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் போயம் 83 சதவீதத்தினருக்கும் அறுவை ஏறத்தாழ 82 சதவீதத்தினருக்கும் பலன் தந்தது, அதாவது சமம். உணவுக்குழாய்ப் புண் மட்டும் மூன்றாம் மாதத்தில் போயம் பிரிவில் 57 சதவீதம், அறுவைப் பிரிவில் 20 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 44க்கு 29. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு 133 பேரிடம் போயத்தைப் பலூன் விரிப்போடு ஒப்பிட்டது. பலன் 92 சதவீதத்துக்கு 54 சதவீதம் என்று போயத்துக்குச் சாதகம். புண் 41 சதவீதத்துக்கு 7 சதவீதம் என்று பாதகம். இந்தப் புண்களில் பெரும்பாலானவை ஏ, பி என்னும் லேசான வகைகள்.

ஆகவே சிகிச்சை தவறாகிவிட்டதா என்றால், இல்லை. இப்படி வரலாம் என்று முன்பே உங்களுக்குச் சொன்னார்களா என்பது வேறு விஷயம். நாலு பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் எங்கோ இருந்திருக்கும்; கையெழுத்துப் போட்ட உங்கள் அம்மாவுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் குறை எங்கள் தொழிலுடையது.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. அகலேசியாவுக்குச் சிகிச்சை பெற்றவரின் நெஞ்செரிச்சலை வைத்து அமிலம் ஏறுகிறதா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது. இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவருக்குப் போயம் முடிந்து இரண்டு வருடம் கழித்து எரிச்சல் ஆரம்பித்தது. நான் யோசிக்காமல் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். படுக்கும்போது இன்னொன்று சேர்த்தேன். ஆறு மாதம் இப்படியே போனது. பிறகுதான் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் என்ற கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தேன். ஐந்தாவது நிமிடப் படத்திலும் வெள்ளைத் தூண் அப்படியே நின்றது. அடுத்த நாள் எண்டோஸ்கோப்பைச் செலுத்தினால் முதல் நாள் மதியச் சோறு உள்ளே புளித்துக் கிடந்தது. குழாய்க்குள் நொதித்த சோறுதான் எரிந்ததே தவிர, இரைப்பையிலிருந்து அமிலம் ஏறவே இல்லை. கதவு மறுபடி இறுகியிருந்தது. பலூன் வைத்து விரித்த பிறகு ஒரு மாத்திரையும் இல்லாமல் அவருடைய எரிச்சல் நின்றது. அந்த ஆறு மாதம் என் தவறு. இதற்கு எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன்: ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே வந்த அம்மாள் ஒருவருக்கு, வழக்கமாகச் செய்யும் எண்டோஸ்கோப்பியில் கிரேடு சி புண் இருந்தது. நோயில் நரம்புகள் கெட்டுப்போவதால் உணர்வும் மழுங்கிவிடுகிறது என்று சொல்லப்படும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் எண்டோஸ்கோப்பி செய்யப்பட்டு, கிரேடு பி என்று எழுதப்பட்டிருப்பதால் சந்தேகம் பெருமளவு குறைகிறது. சவ்வில் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கீறல் என்றால் ஏ, அதைவிட நீளம், ஆனால் இரண்டு மடிப்புகளை இணைக்கவில்லை என்றால் பி, மடிப்புகளை இணைத்துச் சுற்றளவில் முக்கால் பங்குக்குக் குறைவாகப் பரவினால் சி, அதற்குமேல் டி. ஏ வகை நலமாக இருப்பவரிடமும் தென்படும். பி என்பது, சரியாகப் பார்த்து எழுதப்பட்டிருந்தால், அமிலம் ஏறுவதற்குப் போதுமான சான்று. 'சரியாகப் பார்த்து' என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. தேங்கிய உணவாலும் சவ்வு சிவந்து புண்ணாகும். அதனால் அறிக்கையில் உணவுக்குழாய் காலியாக இருந்ததா, எண்டோஸ்கோப் இரைப்பைக்குள் எளிதாக இறங்கியதா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். நேரம் குறித்து எடுக்கும் பேரியம் எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடும். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். அதிலும் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், பதிவாகும் வரைபடத்தின் கோடு எப்படிப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். இரைப்பை அமிலம் ஏறினால் கோடு செங்குத்தாக விழுந்து மீளும். சோறு நொதித்தால் மெதுவாகச் சரிந்து அப்படியே கிடக்கும்.

இனி மாத்திரை. பேண்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமெபிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். அமிலம் ஏறுவதை இவை நிறுத்துவதில்லை. ஏறும் நீரின் அமிலத்தன்மையைத்தான் குறைக்கின்றன. அதனால்தான் மாத்திரை சாப்பிட்டும் ஏதோ மேலே வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். வரும், ஆனால் புண்ணாக்காது. காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் இவை சரியாக வேலை செய்யும். நம் பக்கத்தில் பாதிப் பேர் இட்லியோடு சேர்த்தோ, சாப்பிட்ட பிறகு நினைவு வந்தபோதோ போட்டுக்கொண்டு, மாத்திரை கேட்கவில்லை என்கிறார்கள். இன்னொன்று, கடையில் பேண்டோபிரசோல் என்று கேட்டால் பெரும்பாலும் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலை எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டு மருந்து இந்த நோய்க்குத் தேவையில்லை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கவும் கூடும். சீட்டில் எழுதிய பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

ஆயுள் முழுக்கவா என்றால், என் நேர்மையான பதில், நீண்ட காலம் என்பதுதான். வெட்டிய தசை பழைய நிலைக்குத் திரும்பாது. சாதாரணமாக நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஏறிய அமிலத்தைக் குழாயே அலைவீசித் திருப்பி அனுப்பிவிடும்; உங்கள் அம்மாவின் குழாய்க்கு அது முடியாது, ஏறியது அங்கேயே நிற்கும், படுத்திருந்தால் இரவு முழுக்க நிற்கும். ஆனாலும் இதே அளவில் ஆயுள் முழுக்க என்று பொருளில்லை. எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, புண் ஆறியதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்த்து, ஆறியிருந்தால் அளவைக் குறைத்து, குறைத்த அளவில் புண் திரும்பவில்லை என்று உறுதிசெய்வது வழக்கம். எரிச்சல் நின்றுவிட்டது என்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இந்த மாத்திரையால் சிறுநீரகம் போகும், எலும்பு நொறுங்கும், ஞாபகம் போகும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதற்கு ஓர் அடிப்படை உண்டு: மாத்திரை சாப்பிடுபவர்களையும் சாப்பிடாதவர்களையும் வெறுமனே கவனித்த ஆய்வுகளில் அப்படிச் சில தொடர்புகள் தென்பட்டன. ஆனால் மாத்திரை நீண்ட நாள் வாங்குபவர்கள் ஏற்கெனவே வேறு நோய்களும் உள்ளவர்கள். ஏறத்தாழ 17,600 பேருக்குப் பேண்டோபிரசோல் 40 மில்லிகிராமையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், குடல் தொற்று மட்டுமே சற்றுக் கூடுதலாக இருந்தது. மூன்று ஆண்டை முப்பது ஆண்டுக்கு நீட்டிப் பேச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஆண்டுக்கொரு முறை வைட்டமின் பி12, மெக்னீசியம் பார்ப்பது என் வழக்கம். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12 கட்டாயம். இதய அடைப்புக்குக் குளோபிடோக்ரல் சாப்பிடுபவராக இருந்தால் ஒமெபிரசோல், எசோமெபிரசோல் இரண்டும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி வேறு மாற்றிக்கொள்ளலாம்.

மாத்திரைக்குச் சமமாக நான் மதிப்பது படுக்கையை. அம்மா கட்டிலில் படுப்பவர் என்றால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள்; 15 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கி அமிலம் இன்னும் ஏறும். நம் வீடுகளில் பலர் பாயில்தான் படுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, இடுப்புக்கு மேலே முழுவதும் அதன்மேல் வருமாறு மெத்தை விரித்துக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தொடர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பத்துக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் உதவாது. நடவு, களையெடுப்பு போலக் குனிந்து செய்யும் வேலையைச் சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம். ஏறிய எடை நல்லதுதான், ஆனால் இழந்ததைத் திரும்பப் பெற்ற பிறகு மேலே மேலே போக விடாதீர்கள். வெற்றிலையோடு சேரும் புகையிலையை நிறுத்தியே ஆக வேண்டும். அமிலத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அகலேசியா உள்ளவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, மற்ற மாத்திரைகள். அசைவில்லாத குழாயில் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே சுடும் மாத்திரைகள் சில இருக்கின்றன. வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்றதும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அதில் முதலாவது; இரும்புச் சத்து மாத்திரையும் மூட்டுவலி மாத்திரைகளும் அப்படியே. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி, படுக்கைக்கு வெகு முன்பே சாப்பிட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை என்று கொடுக்கும் அலென்ட்ரோனேட் உங்கள் அம்மாவுக்குக் கூடவே கூடாது. அவர் வயதில் யாராவது எழுதிக்கொடுக்க வாய்ப்பு உண்டு என்பதால் சொல்கிறேன்; ஊசியாகப் போடும் மாற்று மருந்துகள் இருக்கின்றன.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் புண் ஆறவில்லை என்றால், அளவை இரு வேளையாக்குவது, வோனோபிரசான் என்ற வேறு வகை மருந்துக்கு மாறுவது என்று படிகள் இருக்கின்றன. அதற்கும் மிஞ்சினால் எண்டோஸ்கோப்பி வழியாகவோ லேப்ராஸ்கோப்பி வழியாகவோ இரைப்பை மடிப்பைப் போர்த்தித் தைக்கலாம்; அங்கே ஒரே எச்சரிக்கை, பாதிப் போர்வைதான் போட வேண்டும், முழுச்சுற்றுப் போர்வை கூடாது. தள்ளும் வலுவில்லாத குழாயின் அடியில் கதவை மறுபடி இறுக்கினால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். நான் பார்த்தவர்களில் அந்த அளவுக்குப் போனவர்கள் மிகக் குறைவு.

எண்டோஸ்கோப்பியை எத்தனை ஆண்டுக்கொரு முறை செய்வது என்பதில் வல்லுநர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் ஆண்டு முடிவில் ஒன்று, பிறகு மூன்று ஆண்டுக்கொரு முறை என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் சோறு மறுபடி நிற்க ஆரம்பித்தாலோ, எடை இறங்கினாலோ, மலம் கறுத்துப் போனாலோ, இரவில் இருமலும் காய்ச்சலும் வந்தாலோ தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். இரவு இருமலைக் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு வந்த அகலேசியா நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த அறுவைக்குப் போனாலும், அது கண்புரையாக இருந்தாலும்கூட, மயக்க மருந்து கொடுப்பவரிடம் போயம் செய்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, காலையில் பழைய சோறும் மோரும் சாப்பிடலாமா என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நொதித்த சோறு என்று மேலே நான் எழுதியதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். பானையில் புளித்த சோறு வேறு, குழாயில் தேங்கிய சோறு வேறு. தாராளமாகச் சாப்பிடட்டும். மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்து, உட்கார்ந்து, நன்றாகப் பிசைந்து சாப்பிடட்டும். முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் நடக்கட்டும். தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாய் மட்டும், புண் ஆறியது என்று அறிக்கை வரும் வரை, சின்ன வெங்காயமாக இருக்கட்டும். அதுவும் எரிந்தால், தேங்காய்த் துவையல்.